அரிய ஆண்பெயர் ஒன்றின் மூலத்தையும் பரவலையும் கண்டறிவது எப்படி?

எவாண்டர் என்ற ஆண்பெயருக்குப் பொருள் தேடினால், 'கிரேக்கப் பெயர். நல்ல மனிதன்' என்ற ஒற்றை வரிதான் பெரும்பாலான பெயர்த் தொகுப்புகளில் கிடைக்கும். அந்த வரி தவறன்று. ரோமானியத் தொன்மக் கதைகளில், பிற்காலத்தில் ரோம் நகரம் எழுந்த இடத்தில் முன்னரே குடியேறியதாகச் சொல்லப்படும் ஆர்க்கேடிய வீரனின் பெயர் அது. 'நல்ல' என்னும் பொருள்தரும் முன்னொட்டும் 'மனிதன்' என்னும் சொல்லும் கூடிப் பிறந்தது. ஆனால், ஸ்காட்லாந்தின் மேட்டுநிலப் பகுதியில் பிறந்த ஓர் எவாண்டருக்கு இந்த விளக்கத்தைப் பொருத்தினால் பிழையாகிவிடும். அங்கே கேலிக் மொழி பேசியவர்கள் ஈவர் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தபோது, ஓசையில் ஓரளவு நெருங்கிவந்த எவாண்டரை எடுத்துக்கொண்டார்கள். ஈவரோ ஸ்காண்டிநேவிய மக்களின் பண்டை மொழியான பழைய நார்ஸிலிருந்து வந்த பெயர். கிரேக்கத்தோடு அதற்கு உறவே இல்லை. அதே வட்டாரத்தில் ஆங்கஸ் என்ற பெயரின் கேலிக் வடிவத்துக்கு, டிராய் நகரத்து வீரனான ஈனியாஸின் பெயரை ஆங்கிலத்தில் இட்டு வழங்கியதும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

ஆகவே, 'இந்தப் பெயரின் மூலம் என்ன?' என்று பொதுவாகக் கேட்டுத் தேடலைத் தொடங்காதீர்கள். 'இந்த ஊரில், இந்தக் காலத்தில், இந்த மனிதருக்கு இப்பெயர் எவ்வழியாக வந்தது?' என்று கேளுங்கள். அரிய பெயர்களுக்கு இது மிகவும் அவசியம். ஏனெனில் பரவலான பெயரைச் சுமப்பவர்கள் பல்லாயிரம் பேர் இருக்க, அரிய பெயரைச் சுமப்பவர்கள் சில குடும்பங்களாகவே இருப்பார்கள், அவர்களுடைய வரலாறே அந்தப் பெயரின் வரலாறாகவும் இருக்கும்.

முதல் வேலை, பெயரை அதன் சொந்த எழுத்தில் சரியாக எழுதிக்கொள்வது. தமிழ் எழுத்தில் மட்டும் குறித்துக்கொண்டு தேடப் புறப்பட்டால், வேறுவேறு பெயர்கள் ஒன்றாகக் கலந்துவிடும். ஓவன் என்று நாம் எழுதுவது வேல்ஸ் நாட்டுப் பழம்பெயராகவும் இருக்கலாம், யோவான் என்ற பெயரின் அயர்லாந்து வடிவமாகவும் இருக்கலாம்; முன்னதை ரோமன் எழுத்தில் ஓ, டபிள்யூ, இ, என் என்றும், பின்னதை இ, ஓ, ஐ, என் என்றும் எழுதுவார்கள். எழுத்துக்கூட்டலை உறுதிசெய்த பிறகு, அந்த மொழியில் அது எப்படி ஒலிக்கிறது, உங்களுக்குத் தெரிந்தவர்களுள் அப்பெயரைத் தாங்கிய மிகப் பழைய மனிதர் எங்கே, எந்த ஆண்டில் பிறந்தார் என்பவற்றையும் அதனருகே குறித்துக்கொள்ளுங்கள். பிறந்த ஆண்டு துல்லியமாகத் தெரியாவிட்டால், பத்தாண்டுக் கால அளவாவது போதும்.

அடுத்து, பெயரின் மிகப் பழைய எழுத்து வடிவத்தைத் தேட வேண்டும். இன்றைய வடிவத்தை உடைத்துப் பார்த்துப் பொருள் சொல்வதுதான் இத்துறையில் நேரும் பிழைகளில் மிகப் பெரியது. ஒலிகள் நூற்றாண்டுதோறும் தேய்கின்றன, எழுத்தர்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதுகிறார்கள், அச்சில் எழுத்துகள் இடம் மாறுகின்றன. செட்ரிக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பழைய ஆங்கிலப் பெயர்போலத் தோன்றும் இப்பெயரைத் தொடக்க இடைக்கால ஆவணங்களில் தேடினால், வெசெக்ஸ் என்ற பழைய ஆங்கிலேய நாட்டு அரச மரபின் முதல்வனாகச் சொல்லப்படும் செர்டிக் அகப்படுவாரே தவிர, செட்ரிக் அகப்படமாட்டார். வால்டர் ஸ்காட் 1819-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட 'ஐவன்ஹோ' நாவலின் பாத்திரம் ஒன்றுக்கு செர்டிக் என்ற பெயரையே எழுத்து மாற்றிச் செட்ரிக் என இட்டார் என்றே பெயராய்வாளர்கள் கருதுகிறார்கள். பின்னர் 1886-இல் நூலாக வந்த 'லிட்டில் லார்ட் ஃபான்ட்லராய்' கதையின் சிறுவனுக்கும் அப்பெயர் அமைந்தது. குழந்தைகளுக்கு அதை இடும் வழக்கம் பரவியதற்கு அந்தக் கதையே காரணமாகச் சொல்லப்படுகிறது. செட்ரிக்கின் பகுதிகளைப் பிரித்துச் 'சொற்பொருள்' கூறும் பட்டியல்கள், பழைய ஆவணங்களில் இல்லாத ஒரு சொல்லுக்கே பொருள் கூறுகின்றன.

பழைய வடிவம் கிடைத்துவிட்டாலும், இரு சொற்களால் ஆன பெயர்களை ஒரே தொடராகப் படித்துவிடக் கூடாது. பழைய ஜெர்மானிய மக்களின் ஆண்பெயர்கள் பெரும்பாலும் இரண்டு உறுப்புகளால் ஆனவை. அந்த உறுப்புகளைப் பெற்றோர் பெயர்களிலிருந்து எடுத்துக் கோப்பதும் வழக்கமாக இருந்தது. 1095-இல் மறைந்த வூஸ்டர் நகரத்து ஆயர் (பிஷப்) உல்ஃப்ஸ்டன், தந்தை ஏதல்ஸ்டனின் பின்பாதியையும் தாய் உல்ஃப்கிஃபுவின் முன்பாதியையும் பெற்றவர். முன்பாதிக்கு 'ஓநாய்' என்றும் பின்பாதிக்கு 'கல்' என்றும் பொருள் இருப்பது உண்மை. ஆனால், 'ஓநாய்க் கல்' என்ற கருத்தை நினைத்து யாரும் அக்குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை. தாயையும் தந்தையையும் ஒரே பெயருக்குள் அமர்த்தினார்கள். எனக்கு இந்த ஒரு பெயரைக் காட்டிலும் தெளிவான பாடம் வேறு கிடைக்கவில்லை. ஆகவே உறுப்புகளின் பொருளைத் தனித்தனியே எழுதுங்கள். இரண்டையும் இணைத்து வாக்கியமாக்க, அக்காலத்தவரே அப்படிப் புரிந்துகொண்டதற்கான சான்று வேண்டும்.

ஆவணங்களுக்குச் செல்லும்போது அவற்றின் தொடக்க ஆண்டுகளை அறிந்து செல்வது நேரத்தை மிச்சப்படுத்தும். இங்கிலாந்தில் திருச்சபையின் ஊர்வாரிப் பிரிவுகளான பங்குகள் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற ஆணை 1538-இல் பிறந்தது. அரசின் பிறப்புப் பதிவு 1837-இல் தொடங்கியது, ஸ்காட்லாந்தில் 1855-இல். பழைய பதிவேடுகள் பலவற்றில் பெயர்கள் இலத்தீன் வடிவில் இருக்கும். 'யாக்கோபுஸ்' என்று எழுதப்பட்டவர் வீட்டில் ஜேம்ஸாகவும் இருந்திருக்கலாம், ஜேக்கபாகவும் இருந்திருக்கலாம். அச்சிட்ட அட்டவணையை மட்டும் நம்பாமல், பதிவேட்டின் படத்தையே திறந்து பாருங்கள். தனித்துவமான பெயர் என்று தோன்றுவது, படியெடுத்தவர் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்ததால் பிறந்ததாக இருக்கக்கூடும். அதே பக்கத்தில் அதே எழுத்தர் எழுதிய வேறு பெயர்களோடு எழுத்தின் வளைவுகளை ஒப்பிட்டால் பெரும்பாலும் ஐயம் தீர்ந்துவிடும். அந்தப் பெயர் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரா என்பதையும் மறவாமல் பாருங்கள். ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் முதற்பெயராக நிற்கும் அரிய ஆண்பெயர்கள் பல இவ்வழியில் வந்தவை.

இனி, பெயர் எவ்வளவு பரவியது என்ற கேள்வி. இதற்கு அரசுப் புள்ளிவிவரங்களே அடிப்படை. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பிறப்பு ஆண்டுகளுக்குப் பெயர்த் தரவுகளை இலவசமாகத் தருகிறது. மாநில வாரியான தரவு 1910-இலிருந்து உண்டு. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்துத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 1996 முதல் விரிவான பட்டியல்களை வெளியிட்டுள்ளது. பிரான்ஸின் புள்ளியியல் நிறுவனத் தரவு 1900-இலிருந்து தொடங்குகிறது. இவற்றைத் தரவிறக்கி விரிதாளில் திறந்தால், ஒரு பெயரை ஆண்டுவாரியாகப் பின்தொடரலாம்.

அரிய பெயரைத் தேடுபவர் இங்கே ஓர் எல்லையைக் கவனிக்க வேண்டும். ஓர் ஆண்டில் ஐந்து பேருக்கும் குறைவாக இடப்பட்ட பெயரைத் தனியுரிமை கருதி அமெரிக்கப் பட்டியல் வெளியிடுவதில்லை; இங்கிலாந்து-வேல்ஸ் பட்டியலில் அந்த எல்லை மூன்று. ஆண்டுதோறும் நான்கு குழந்தைகள் வீதம் பத்தாண்டுகளில் நாற்பது பேர் ஒரு பெயரைப் பெற்றிருந்தாலும், அமெரிக்கப் பட்டியலில் அது ஒருமுறைகூடத் தோன்றாது. ஆகவே பட்டியலில் இல்லாத பெயரை 'யாருக்கும் இல்லாத பெயர்' என்று எழுதாதீர்கள். 'அந்த ஆண்டில் ஐந்துக்கும் கீழ்' என்று எழுதுங்கள். மாநிலத் தரவுக்கும் இதே எல்லை இருப்பதால், மாநில எண்ணிக்கைகளைக் கூட்டினால் தேசிய எண்ணிக்கை வராது. அதைக் கண்டு பதற்றம் வேண்டாம்.

அமெரிக்கத் தரவின் பழைய ஆண்டுகளை எச்சரிக்கையோடு அணுக வேண்டும். அது சமூகப் பாதுகாப்பு எண் கேட்டு மக்கள் தந்த விண்ணப்பங்களிலிருந்து தொகுத்தது; அந்த எண்களை வழங்கும் பணி 1936-இல்தான் தொடங்கியது. எனவே 1880-இல் பிறந்தவர்களுள் அவ்வளவு காலம் வாழ்ந்து விண்ணப்பம் செய்தவர்கள் மட்டுமே எண்ணிக்கையில் இருக்கிறார்கள். மேலும், தரவில் பாலினக் குறிப்புகளைத் திருத்தாமல் அப்படியே தருவதால், உறுதியான ஆண்பெயர் ஒன்று சில பெண்களின் பெயராகவும் காட்டப்பட்டால், அதைப் புதிய வழக்கமாகக் கொள்வதற்கு முன் பதிவுப் பிழையாக இருக்குமோ என்று எண்ணிப் பாருங்கள்.

தரவரிசையைக் காட்டிலும் விகிதமே பயனுள்ளது. 1880-இல் அமெரிக்காவின் முதல் ஆண்பெயரான ஜான், தரவிலுள்ள ஆண் குழந்தைகளில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயராக இருந்தது; அண்மை ஆண்டுகளில் முதலிடம் வகிக்கும் லியாமின் பங்கு ஏறத்தாழ 1 சதவீதம்தான். இரண்டும் 'முதலிடம்' என்றாலும் ஒன்றல்ல. எனவே அவ்வாண்டின் மொத்த ஆண் பிறப்புகளால் வகுத்து, ஒரு லட்சத்துக்கு எத்தனை என்று கணக்கிடுங்கள். அதே பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். பட்டியல்கள் அவற்றைத் தனித்தனிப் பெயர்களாகவே எண்ணுகின்றன. சிறிய எண்கள் தாமாகவே ஏறி இறங்கும் இயல்புடையவை: சராசரி ஒன்பதாக உள்ள பெயர் ஓர் ஆண்டு ஆறாகவும் மறு ஆண்டு பன்னிரண்டாகவும் வருவது வெறும் தற்செயலாகவே இருக்கலாம். ஐந்தைந்து ஆண்டுகளாகத் தொகுத்தபின் தெரியும் ஏற்றத்துக்கே காரணம் தேடுங்கள்.

அந்தக் காரணம் சில வேளைகளில் சட்டமாகவும் இருக்கும். பிரான்ஸில் 1803-இல் இயற்றிய சட்டம், புனிதர் நாட்காட்டிப் பெயர்களையும் பண்டைய வரலாற்று மாந்தர் பெயர்களையும் மட்டுமே அனுமதித்தது. காலப்போக்கில் தளர்ந்த அந்தக் கட்டுப்பாடு, பெற்றோருக்குத் தேர்வுரிமை தந்த 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் முடிந்தது. அதற்கு முந்தைய பிரெஞ்சுப் பதிவுகளில் ஒரு பெயரின் இன்மையை மக்களின் விருப்பமின்மையாகப் படிக்க முடியாது.

கண்டவற்றை எழுதும்போது, உறுதியானதையும் ஊகத்தையும் தனித்தனி வாக்கியங்களில் வையுங்கள். எவாண்டருக்கு நான் எழுதி வைத்திருக்கும் குறிப்பு இப்படி அமைகிறது: 'எவாண்டர். ஆண்பெயர். இரண்டு வழிகள். முதல் வழி, கிரேக்கம், இலத்தீன் வாயிலாக. உறுப்புகளின் பொருள் நல்ல, மனிதன். இரண்டாம் வழி, ஸ்காட்லாந்தின் கேலிக் பெயரான ஈவருக்கு ஆங்கிலப் பதிலி. ஈவர் பழைய நார்ஸ் பெயர், அதன் முதல் உறுப்பு வில் செய்ய உதவும் யூ மரத்தைக் குறிப்பதாகக் கருதப்படுகிறது. குறிப்பிட்ட ஒருவருக்கு எந்த வழி என்பதைப் பிறந்த இடத்தையும், தந்தை, பாட்டனார் பெயர்களையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.'