ஓவியத்தை போட்டோ எடுத்து பிரிண்ட் போடும் முன் ஒரு வகுத்தல் கணக்கு

ஏ3 தாளில் ஒரு தெப்பக்குளத்தை வாட்டர்கலரில் வரைந்து வைத்திருந்தேன். பார்த்த அத்தை, "எனக்கும் ஒண்ணு வேணும்டா" என்றார். போனில் படம் எடுத்தேன், வாட்ஸ்அப்பில் பிரிண்ட் கடைக்கு அனுப்பினேன். கைக்கு வந்ததைப் பார்த்தால் குளத்துப் படிக்கட்டெல்லாம் ஒன்றோடொன்று குழைந்து மசமசவென்று கிடந்தது. "ரெசல்யூஷன் பத்தலை சார்" என்றார் கடைக்காரர். போன் திரையில் பளிச்சென்றுதானே இருந்தது என்று எனக்குக் குழப்பம். தப்பு என்னுடையதுதான் என்பது வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோது புரிந்தது.

புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்

டிஜிட்டல் படம் என்பது வரிசையாக அடுக்கிய புள்ளிகள். அவற்றைத்தான் பிக்சல் என்கிறோம். 15 புள்ளிக் கோலத்தைச் சின்ன வாசலில் நெருக்கிப் போடலாம், பெரிய வாசலில் அகட்டியும் போடலாம். புள்ளி என்னவோ 15தான். பிரிண்டும் அப்படியே. படத்தில் உள்ள பிக்சல்களை ஓர் அங்குலத்துக்கு எத்தனை என்று பரப்புகிறோம் என்பதுதான் கடைக்காரர் "300 டிபிஐ" என்று சொல்லும் கணக்கு. (பிரிண்டர் பெட்டியில் 1440, 2400 என்று போட்டிருக்குமே, அது மை தெளிக்கும் துளிகளின் கணக்கு. அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

முதல் வேலை: பிக்சலைப் பாருங்கள், வகுங்கள்

போன் கேலரியில் படத்தைத் திறந்து விவரங்களைப் பார்த்தால் 4000 × 3000 என்பது போல இருக்கும். கம்ப்யூட்டர் என்றால் படத்தின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், டீடெயில்ஸ். நீளப் பக்கத்துப் பிக்சலை, நீங்கள் விரும்பும் பிரிண்டின் நீளத்தால் வகுங்கள். அங்குலக் கணக்கில்தான்.

என் ஓவியம் ஏ3. அதன் நீளம் 16.5 அங்குலம். போன் எடுத்த படத்தில் ஓரத்தை வெட்டியது போக ஓவியம் மட்டும் 3800 பிக்சல் நீளம் இருந்தது. 3800 ÷ 16.5 = 230. தாராளமாகப் போதும். ஆனால் வாட்ஸ்அப் வழக்கமான முறையில் அனுப்பும்போது படத்தைச் சுருக்கிவிடுகிறது. கடைக்குப் போய்ச் சேர்ந்தது 1600 பிக்சல்தான். 1600 ÷ 16.5 = 97. படிக்கட்டு குழையாமல் என்ன செய்யும்?

விடை எவ்வளவு வரவேண்டும்? கையில் பிடித்து ஓர் அடி தூரத்தில் பார்க்கிற பிரிண்டுக்கு 300. அந்தத் தூரத்தில் நம் கண் பிரித்தறியும் எல்லை ஏறக்குறைய அதுதான். ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டி, நாலைந்து அடி தள்ளி நின்று பார்ப்பதற்கு 200 போதும். 150-கூட ஓடும். தெருமுனை ஃபிளெக்ஸ் பேனரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், முகமே கட்டம் கட்டமாகத் தெரியும். சாலைக்கு எதிர்ப்புறமிருந்து பார்க்கும்போது யாருக்கும் அது தெரிவதில்லை.

300-க்கு ஏ4 வேண்டுமென்றால் 3508 × 2480 பிக்சல், ஏ3 என்றால் 4961 × 3508. இந்த இரண்டை மட்டும் எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

72-ஐ 300 ஆக்கினால் போதுமா?

ஆரம்பத்தில் எல்லோரும் செய்வது இது. ஃபோட்டோஷாப்பில் இமேஜ் சைஸ் பெட்டியைத் திறந்தால் 72 என்று இருக்கும், அதை 300 என்று மாற்றிவிட்டு வேலை முடிந்ததாக நினைப்போம். அங்கே 'ரீசாம்பிள்' என்ற டிக்கை எடுத்துவிட்டு மாற்றிப் பாருங்கள். பிக்சல் அப்படியே இருக்கும், அங்குல அளவு மட்டும் சுருங்கும். டிக்கோடு மாற்றினால் பிக்சல் கூடும். ஆனால் அது மென்பொருள் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்துப் போட்டது. நீங்கள் தூரிகையில் வைத்த கோடு அதில் புதிதாக முளைக்காது. கொஞ்சம் பெரிதாக்குவது பரவாயில்லை, இரண்டு மடங்கென்றால் நான் செய்யமாட்டேன்.

படம் எடுக்கும்போது

பிக்சலைச் சம்பாதிக்க முடிந்த இடம் இது ஒன்றுதான். ஓவியம் திரையை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பட்டும். சுற்றிலும் மேஜையும் தரையும் விழுந்தால், வெட்டும்போது அத்தனை பிக்சலும் குப்பைக்குத்தான் போகும். விரலால் ஜூம் செய்யாதீர்கள். பெரும்பாலான போன்களில் அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். ஓவியத்தைச் சுவரில் ஒட்டி, போனை அதற்கு நேர் இணையாக, முடிந்தால் ஸ்டாண்டில் வையுங்கள். சாய்ந்தால் செவ்வகம் சரிவகமாகிவிடும். ஃபிளாஷ் வேண்டாம். காலை வெயில் நேராக விழாத ஜன்னலோர வெளிச்சம் நல்லது. தஞ்சாவூர் ஓவியமென்றால் தங்க ரேக்கு பளீரென்று அடிக்கும். ஓவியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ரேக்கு மின்னியும் வெளுத்துப் போகாத கோணத்தைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும்.

கை நடுங்கியோ ஃபோகஸ் தவறியோ எடுத்த படத்தில் எத்தனை பிக்சல் இருந்தும் பயனில்லை. எடுத்தவுடன் பெரிதாக்கி, உங்கள் கையெழுத்து கூர்மையாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

சின்ன ஓவியமென்றால் ஸ்கேனரே மேல். ஏ5 ஓவியத்தை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால், ஏ3 அளவுக்குப் பெரிதாக்கினாலும் அங்குலத்துக்கு 300 நிற்கும்.

அனுப்புவதும் சோதிப்பதும்

பென் டிரைவ் அல்லது மெயில். வாட்ஸ்அப்தான் வேண்டுமென்றால் 'டாக்குமென்ட்' என்று சேர்த்து அனுப்புங்கள், சுருங்காது. 12 × 18 தாளில் ஏ3 அளவிலேயே போடச் சொன்னால் சுற்றிலும் வெள்ளை ஓரம் கிடைக்கும், ஃபிரேம் போடுபவருக்கும் வசதி.

அப்புறம், முழு பிரிண்டுக்குக் காசு கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். என் கணக்கில் அங்குலத்துக்கு 230. அப்படியென்றால் 4 × 6 அங்குலத் துண்டு என்பது 920 × 1380 பிக்சல். ஓவியத்தில் நுணுக்கம் அதிகமுள்ள இடத்தில் அந்த அளவுக்கு ஒரு துண்டை வெட்டி, சாதாரண 4 × 6 போட்டோவாகப் போடச் சொன்னேன். பெரிய பிரிண்டில் அந்த இடம் எப்படி வருமோ அச்சு அசலாக அப்படியே வந்தது. படிக்கட்டை எண்ணிப் பார்த்தேன், பதினொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. அதே கடையிலேயே பெரிய பிரிண்டுக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.