எல்லை ஊர் முகாமில் முதுகெலும்புச் சிகிச்சை: ஏற்பாட்டாளர்கள் கவனிக்க வேண்டியவை

ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தறிக்கார ஊர்களில் நாலைந்து நாள் இலவச முகாம் நடத்த வெளிநாட்டுக் கைரோபிராக்டர்கள், அதாவது முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சிகிச்சை செய்பவர்கள், வருவதாக இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது அவர்களுடைய தகுதியை. உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முழுப் பயிற்சிக்கு 4,200 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பையும், அதற்குள் 1,000 மணி நேரம் மேற்பார்வையுடன் நோயாளிகளைப் பார்த்திருப்பதையும் எதிர்பார்க்கிறது. இந்தியாவில் இத்துறைக்கெனத் தனி ஒழுங்குமுறைக் கவுன்சில் இல்லாததால், அவரவர் நாட்டு உரிமம் நடப்பில் உள்ளதா என்று நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும். தம் நாட்டில் தனியாகச் சிகிச்சை செய்ய அனுமதி இல்லாத மாணவரை இங்கும் தனியாக விடக் கூடாது. பதிவு பெற்ற உள்ளூர் மருத்துவர் ஒருவர் முகாம் முடியும்வரை உடனிருக்க வேண்டும்.

மேசையில் படுக்க வைப்பதற்கு முன் நடக்கும் விசாரணைக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். நான் மொழிபெயர்க்கப் போன ஒரு முகாமில், நூல் சுற்றும் பாட்டி ஒருவர், “முதுகுல வாயு புடிச்சிக்கிச்சி, பொழுது சாஞ்சா ஒடம்பு காயுது” என்றார். முதல் பாதியை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன்; மற்றது வழக்கமான புலம்பலாக எனக்குப் பட்டது. நல்ல வேளையாக அந்தச் சிகிச்சையாளர் முதுகின் நடுக்கோட்டில் ஒவ்வோர் எலும்பாக விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் பாட்டி துடித்ததும் கையை எடுத்துவிட்டு, காய்ச்சல் உண்டா, உடம்பு இளைத்ததா என்று தாமாகவே கேட்டார். பரிசோதனைக்கு அனுப்பினோம், முதுகெலும்புக் காசநோய் என்று தெரிந்தது. அரித்துப்போன எலும்பின் மேல் திடீர் அழுத்தம் விழுந்திருந்தால் தண்டுவடம் நசுங்கிக் கால்கள் செயலிழந்திருக்கக்கூடும். அந்த அரை வாக்கியத்தை விழுங்கியதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதறுகிறது.

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார் என்பதை, அந்நோயை அரிதாகவே காணும் நாட்டிலிருந்து வருபவருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். மொழிபெயர்ப்பவர் எதையும் சுருக்கக் கூடாது. ‘வாயு’ என்பதை வயிற்றுக் கோளாறாக மாற்றாமல் பிடிப்பு வலி என்று விளக்க வேண்டும். ‘மதமதப்பு’, தெலுங்கில் ‘திம்மிரி’ என்றால் நரம்பு சம்பந்தப்பட்டதா என்று சோதிக்கச் சொல்ல வேண்டும். சிறுநீர் இறங்காமல் நிற்பது, உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் பலம் குறைவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், கை வைக்காமல் அன்றே 108 வண்டியில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். எலும்பு முறிந்து எப்போதாவது புத்தூர்க் கட்டுப் போட்டதுண்டா என்று கேட்டால், ‘பழைய முறிவு உண்டா’ என்ற கேள்விக்குக் கிடைக்காத பதில் கிடைக்கும். முதியவர்களையும் நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களையும் எலும்பு வலுவிழந்தவர்களாகக் கருதியே அணுக வேண்டும்.

கழுத்தை வேகமாகத் திருப்பிச் சொடுக்கும் முறையை இத்தகைய முகாமில் தவிர்ப்பதே சரி என்பது என் கருத்து. கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வருவது அரிது. ஆனால் அது சில நாள் கழித்தும் வெளிப்படலாம், அதற்குள் சிகிச்சை செய்தவர் விமானம் ஏறியிருப்பார்.

இங்கே வீட்டில் தமிழ் பேசும் பலர் தெலுங்கு எழுத்தில்தான் படித்தவர்கள்; எழுதவே தெரியாதவர்களும் உண்டு. ஆகவே படிவத்தில் கைரேகை வாங்குவதை ஒப்புதலாகக் கொள்ளாமல், என்ன செய்யப்போகிறோம், ஓரிரு நாள் வலி இருக்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம் என்பதை வாய்மொழியாக விளக்குங்கள். பெண்களுக்குத் துணையாக ஒரு பெண் நிற்க வேண்டும்.

கடைசி நாளில் புதியவர்களுக்குச் சிகிச்சை தொடங்காமல், முன்பு பார்த்தவர்களை மறுபடி பாருங்கள். ஒவ்வொருவரிடமும் என்ன செய்தோம், எதைச் செய்யவில்லை, வலி கூடினால் யாரைக் கூப்பிடுவது என்று எழுதிய சீட்டு இருக்கட்டும். அதன் நகலை ஆரம்ப சுகாதார நிலையத்திலும், மேல் பரிசோதனைக்கு அனுப்பியவர்களின் பட்டியலை அந்த ஊர் ஆஷா பணியாளரிடமும் நேரில் கொடுத்துவிட்டுப் பந்தலைப் பிரியுங்கள்.