ஒருவருக்கு பைபோலார், துணைக்கு ஓசிடி: வீட்டில் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

ஜோடியில் இருவருமே மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்றால் ஒருவரையொருவர் எளிதில் புரிந்துகொள்வார்கள் என்று தோன்றும். ஓரளவு உண்மைதான். ஆனால் ஒருவர் நோய்க்கு உதவுவது மற்றவர் நோய்க்குத் தீனியாகிவிடுவதும் உண்டு. பைபோலார் (மேனியா என்னும் மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவரின் தூக்கத்தையும் மாத்திரையையும் யாராவது கவனித்தாக வேண்டும். அந்த வேலையை ஓசிடி (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, செய்ததையே செய்ய வைக்கும் நோய்) உள்ளவரிடம் விட்டால், "மாத்திரை போட்டியா? நிஜமா போட்டியா?" என்று கேட்பதே ஒரு சடங்காகிவிடும். கேட்கப்படுபவர் எரிச்சலில் பொய் சொல்லத் தொடங்குவார்.

கவனிப்பை வாயிலிருந்து நோட்டுக்கு மாற்றுங்கள். பைபோலார் உள்ளவரே தினமும் காலையில் எத்தனை மணி நேரம் தூங்கினார், மாத்திரை போட்டாரா என்று எழுத வேண்டும். துணை ஒரு நாளைக்கு ஒரு முறை பார்க்கலாம், கேள்வி கிடையாது. இரண்டு இரவு தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கும் குறைவான தூக்கம், ஆனாலும் களைப்பே இல்லை என்றால் அன்றே மருத்துவருக்கு போன் செய்வது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். கவலையால் தூங்காதவர் காலையில் சோர்ந்து கிடப்பார். மேனியா தொடங்குகிறவர் உற்சாகமாக எழுவார். "உன் ஓசிடிதான் சந்தேகப்படச் சொல்லுது" என்று பைபோலார் உள்ளவர் மடக்கும்போது பதில் சொல்ல நோட்டில் அவர் எழுதியதே இருக்கும்.

இரவு வேளைதான் பெரிய மோதல். பூட்டு, கேஸ், ஸ்விட்ச் என்று பதினொரு மணிக்கு மேல் சோதனை நடந்தால் மற்றவர் தூக்கம் கெடும். தூக்கம் கெடுவதே மேனியாவைக் கிளப்பிவிடும். சோதனையை ஒன்பதரைக்குள், ஒரே சுற்றில் முடியுங்கள். மனசு கேட்காத நாளில் ஓசிடி உள்ளவர் வேறு அறையில் படுப்பதில் தவறில்லை. அதை சண்டையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"கேஸை மூடினேனா?" என்பதற்கு ஒரு முறை பதில் சொல்லுங்கள். இரண்டாவது முறை, "இது ஓசிடி கேக்குற கேள்வி, நான் பதில் சொல்லல" என்ற ஒரே வாக்கியம். ஒவ்வொரு முறை உறுதி சொல்வதும் சில நிமிட நிம்மதியைத் தந்துவிட்டு அடுத்த கேள்வியைக் கொண்டுவரும். இப்படிப் பதில் சொல்வதை சிகிச்சையாளருடன் பேசி படிப்படியாகக் குறைப்பதுதான் நல்லது. வாக்கியத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பைபோலார் உள்ளவர் மேனியாவில் கத்துவார், மனச்சோர்வில் தொல்லை விட்டால் போதும் என்று எல்லாவற்றுக்கும் "ஆமா" சொல்லிவிடுவார்.

மாத்திரை டப்பாக்கள் தனித்தனியாக இருக்க வேண்டும். ஓசிடிக்குத் தரும் ஃப்ளுவோக்ஸெடின், செர்ட்ராலின் போன்றவை மனச்சோர்வுக்கும் தரப்படுபவை என்பதால், சோர்ந்திருக்கும் நாளில் துணையின் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு. பைபோலார் உள்ளவரை அது மேனியாவுக்குத் தள்ளலாம். பைபோலாருக்குத் தரும் லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுபவருக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை வாங்கித் தராதீர்கள். ரத்தத்தில் லித்தியம் ஏறும். வயிற்றுப்போக்கு, கடும் வியர்வை, திடீரென உப்பைக் குறைப்பது ஆகியவையும் அப்படியே. கை நடுக்கம் அதிகமாகி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். லித்தியம் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனை கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. காலை மாத்திரையை முழுங்கிவிட்டு லேபுக்குப் போனால் அளவு தப்பாகத்தான் காட்டும்.

பணம்: மேனியாவில் கைமீறிச் செலவு செய்யாமலிருக்க, நன்றாக இருக்கும் நாளிலேயே யுபிஐ வரம்பைக் குறைத்து வையுங்கள்.

திருமணமாகாத ஜோடிகள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் உறவினர் என்றால் ரத்தம், திருமணம், தத்து வழி வந்தவர்தான். துணையை நியமனப் பிரதிநிதியாக்க (சிகிச்சை முடிவுகளில் நோயாளிக்குத் துணை நிற்பவர்), நோயாளி வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். இருவருக்கும் ஒரே நேரத்தில் நோய் முற்றலாம் என்பதால், உதவிக்கு வர மூன்றாவது ஆள் ஒருவரிடம் இப்போதே பேசி, வீட்டுச் சாவியும் கொடுத்து வையுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இரவிலும் எடுப்பார்கள். தற்கொலைப் பேச்சு வந்தால் அவரைத் தனியே விடாமல், எல்லா மாத்திரைகளையும் அந்த மூன்றாவது ஆளிடம் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.