ஆய்வு நடத்தும் முறையைச் சீர்படுத்தப் பல்கலைக்கழக மானியம்: முதன்முறை விண்ணப்பிப்போருக்கு ஒரு செய்முறை விளக்கம்

சுகாதார ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழகங்கள் ஒதுக்கும் நிதியில் ஒரு பகுதி, மனிதர்களிடம் ஆய்வு நடத்தும் முறையையே சீர்படுத்துவதற்காகத் தரப்படுகிறது. சம்மதம் பெறுவது, ஆள் சேர்ப்பது, தரவு திரட்டுவது, முடிவை அறிவிப்பது எல்லாம் இதில் அடங்கும். மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்து, தாதிமையோ மருந்தியலோ பொதுச் சுகாதாரமோ முதுகலையில் பயிலும் மாணவர்களையும் ஆய்வு உதவியாளர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

'தோட்ட மக்களிடையே நீரிழிவு' என்பது நோயைப் பற்றிய தலைப்பு. இந்த மானியத்திற்கு அது பொருந்தாது. 'நீரிழிவு ஆய்வில் சேரும் முதியோருக்குச் சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டி, அவர்களையே திருப்பிச் சொல்லச் செய்தால் புரிதல் கூடுமா?' என்பது பொருந்தும். ஏற்கெனவே நடக்கும் ஓர் ஆய்வுக்குள் இத்தகைய சிறு ஆய்வைப் பொருத்திவிடலாம் என்பதால் செலவு குறையும். தொடக்கநிலையினருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பின்னணிப் பகுதியில், மருத்துவ ஆராய்ச்சியில் இடப்படும் முதலீட்டில் 85 விழுக்காடு வீணாகிறது என்று இயன் சால்மர்ஸ், பால் கிளாசியு இருவரும் 2009ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் மதிப்பிட்டதைக் குறிப்பிடலாம். தேவையற்ற கேள்வி, பழுதான வடிவமைப்பு, வெளியிடப்படாத முடிவு, அரைகுறை அறிக்கை ஆகியவற்றை அவர்கள் காரணங்களாகக் காட்டினார்கள். உங்கள் ஆய்வு அவற்றுள் எதைச் சரிசெய்கிறது என்று அடுத்த வரியிலேயே எழுதுங்கள்; எண்ணை மட்டும் மதிப்பீட்டாளர்கள் நிறையவே பார்த்திருப்பார்கள்.

படி 2: முதன்மை ஆய்வாளரைத் தேடுங்கள்

பல்கலைக்கழகத்தின் உள்மானியத்தைப் பெரும்பாலும் ஒரு விரிவுரையாளரை முதன்மை ஆய்வாளராகக் காட்டி, அவர் பெயரில்தான் கோர முடியும். ஒரு பக்கச் சுருக்கத்தை எழுதிக்கொண்டு போய்ப் பேசுங்கள். புள்ளியியல் தெரிந்த ஒருவரையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: விண்ணப்பம் எழுதுமுன் தோட்டத்திற்குப் போங்கள்

பலர் தவிர்க்கும் படி இதுதான். மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுக்கு உலக மருத்துவச் சங்கம் வகுத்த நெறிகளான ஹெல்சிங்கிப் பிரகடனத்தின் 2024ஆம் ஆண்டுத் திருத்தம், ஆய்வுக்கு முன்பும் ஆய்வின்போதும் அதன் பின்பும் பங்கேற்பாளர்களோடும் அவர்களுடைய சமூகத்தோடும் பொருளுள்ள முறையில் கலந்து பேச வேண்டும் என்கிறது. ஜொகூரின் சிகாமாட்டில் மோனாஷ் பல்கலைக்கழகம் நடத்திவரும் சமூகச் சுகாதார ஆய்வுக் களத்தை இதற்கு உள்நாட்டு முன்மாதிரியாகக் காட்டலாம்.

ரப்பர்ப் பால் நிறுக்கும் நேரத்தில் போய் நிற்காதீர்கள். மாலையில், கோயில் மண்டபத்திலோ ஒரு வீட்டு வாசலிலோ உட்கார்ந்து பேசுங்கள். தோட்டம் கைமாறித் தாமானுக்கும் (வீடமைப்புப் பகுதிக்கும்) அடுக்குமாடிக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களை விட்டுவிட வேண்டாம். நிர்வாகத்தின் அனுமதி தேவைப்படலாம்; ஆனால் கிராணி (தோட்டத்து எழுத்தர்) பக்கத்தில் நிற்க, ஒரு பாட்டியிடம் படிவத்தை நீட்டினால், அவர் அதை மேலிடத்து உத்தரவாகவே எடுத்துக்கொண்டு கைநாட்டு வைத்துவிடுவார். 'விலகிக்கொண்டால் கிளினிக்கில் எனக்குக் கொடுக்கும் மருந்து நின்றுபோகுமா, தம்பி?' என்ற கேள்வி அவர் வாயிலிருந்து வரும் சூழல் அமைந்தால்தான் சம்மதம் என்பதற்கு அர்த்தம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் பெறும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருந்து கையொப்பமிட வேண்டும் என்று 'நல்ல மருத்துவ ஆய்வு நெறிமுறை' (Good Clinical Practice) என்ற பன்னாட்டு வழிகாட்டி கோருகிறது. அந்தச் சாட்சி கிராணியாக இல்லாமல் இருப்பது நல்லது. இவற்றையெல்லாம் குறித்துவந்து, செய்முறைப் பகுதியில் அப்படியே எழுதுங்கள்.

படி 4: வடிவமைப்பு

பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரியுங்கள். ஒரு குழு வழக்கமான படிவத்தைப் பெறும். மற்றொன்றுக்கு அது பேச்சுத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டு, திருப்பிச் சொல்லும்படி கேட்கப்படும். பின்னர் இரு குழுவினரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்: ஆய்வு எதற்காக, என்ன செய்வார்கள், விலகலாமா, யாரை அழைப்பது? எத்தனை பேர் தேவை என்பதைப் புள்ளியியலாளர் கணக்கிட்டுத் தரட்டும்.

படி 5: செலவுக் கணக்கு

மொழிபெயர்ப்பு, அதைச் சரிபார்க்கும் மறுமொழிபெயர்ப்பு, அச்சு, பயணம், தேநீர் என ஒவ்வொன்றையும் தனி வரியில் காட்டுங்கள். பங்கேற்பாளரின் நேரத்திற்கான தொகையை எப்படி முடிவு செய்தீர்கள் என்பதற்கு விளக்கம் வேண்டும். 2025ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை 26 வேலை நாள்களால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 65 ரிங்கிட் வரும். எட்டு மணி நேர வேலை நாளில் இரண்டு மணி நேரத்திற்கு அதில் கால் பங்கு, அதாவது சுமார் 16 ரிங்கிட் என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆசைகாட்டி ஆள் பிடிப்பதுபோல் தொகை பெரிதாகவும் இருக்கக் கூடாது.

படி 6: நெறிமுறை அனுமதி

பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவை. சுகாதார அமைச்சின் கிளினிக்கையோ அதன் நோயாளிகளையோ ஆய்வில் சேர்த்தால், தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிந்து, அமைச்சின் மருத்துவ ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவிடமும் அனுமதி பெற வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், கால அட்டவணையில் தீபாவளி, தைப்பூச வாரங்களோடு இந்தக் காத்திருப்பையும் சேர்த்துக் காட்டுங்கள்.

படி 7: அனுப்புதல்

துறைத்தலைவரின் கையொப்பத்தைக் கடைசி நாளுக்கு விட்டுவைக்காதீர்கள். முடிவு எதிர்பார்த்தபடி வராவிட்டாலும் வெளியிடுவோம் என்ற உறுதியையும், பங்கேற்றவர்களிடம் அதை எங்கே, எந்த மொழியில் தெரிவிப்போம் என்பதையும் இறுதிப் பத்தியில் சேர்த்துவிட்டு விண்ணப்பத்தை அனுப்புங்கள். நிராகரிக்கப்பட்டால் மதிப்பீட்டாளரின் கருத்துகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, அடுத்த சுற்றில் மீண்டும் அனுப்பலாம்.