ஆடிக் காற்றில் சைக்கிள் எடுக்கிறீர்களா? கிழக்கே பார்த்து ஓட்டுங்கள்

திருநெல்வேலி மாவட்டக் கடற்கரையில் இருக்கும் உவரிப் பக்கம் சைக்கிளில் போக நினைப்பவர்கள் முதலில் காற்றைப் பாருங்கள், தூரத்தை அப்புறம் பார்க்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கில் இருந்து வரும் மேல்காற்று சும்மா விடாது, ராதாபுரம், பணகுடிப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். அந்த மாதங்களில் மணப்பாட்டில் இருந்து கூடங்குளம் நோக்கி மிதித்தால் எதிர்காற்றில் முழங்கால் கழன்றுவிடும் (நான் அப்படிப் போய்ப் பாதியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவன்). கூடங்குளத்தில் கிளம்பி உவரி, பெரியதாழை, மணப்பாடு என்று கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே வாருங்கள், காற்று முதுகைத் தள்ளிவிடும்.

குட்டம் பக்கம் செம்மண் தேரி (சிவப்பு மணல்மேடு) பார்க்க அழகுதான், ஆனால் ஒல்லி டயர் உள்ளே புதைந்துவிடும். டயர் தடிமனாக இருந்தால் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு முயன்று பார்க்கலாம், தார் ரோட்டுக்கு வந்ததும் பம்பு அடிக்க மறக்காதீர்கள். உடைமரத்து முள் எங்கும் கிடக்கும், அதனால் மாற்று டியூப் இல்லாமல் ரோட்டை விட்டு இறங்கவே வேண்டாம்.

சக்கர நாற்காலியில் வருபவர்கள் கூட இருந்தால் கடற்கரை மணலை நம்ப வேண்டாம், சக்கரம் உருளாது. உவரியில் கப்பல் மாதா கோயில் வரை வண்டியிலேயே போய், கெட்டியான தரையில் இருந்தபடி கடலைப் பார்ப்பதுதான் சரி.

வெயிலுக்கு முன், காலை ஆறு மணிக்கே கிளம்புங்கள். சீசனில் வழியில் பதநீர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.