முதுகெலும்பை இணைக்கும் ஆபரேஷனா? இதைத் தெரிந்துகொள்ளுங்கள்

கீழ்முதுகில் ஓர் எலும்பு நழுவி நரம்பை அழுத்தினால், பக்கத்து எலும்போடு அதை ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து இணைப்பார்கள். பெரும்பாலும் கீழ்முதுகின் கடைசி இரண்டு எலும்புகளான எல்4, எல்5தான்.

ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்: கால் வலி குறையுமா, முதுகு வலி குறையுமா? நரம்பு அழுத்தத்தால் வரும் கால் வலிக்குத்தான் பொதுவாக நல்ல பலன் கிடைக்கும். வெறும் முதுகு வலிக்கு அந்த அளவு உறுதி சொல்ல முடியாது.

எலும்பு உடனே ஒட்டிவிடாது. முழுதாகச் சேர 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம். வலி போய்விட்டதே என்று இரண்டாம் மாதமே தண்ணீர்க் குடம், சிலிண்டர் எல்லாம் தூக்காதீர்கள். சிகரெட், பீடி, புகையிலை எதுவும் வேண்டாம். நிகோடின் எலும்பை ஒட்டவிடாது. சில வாரங்கள் முன்பே நிறுத்துங்கள், பிறகும் தொடாதீர்கள். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கட்டும்.

வீட்டையும் முன்கூட்டியே தயார் செய்யுங்கள். தரையில் பாய் வேண்டாம், கட்டில் வேண்டும். குத்துக்காலிடும் கழிப்பறை மட்டும் இருந்தால், மேலே வைக்கும் நாற்காலி வாங்கிவிடுங்கள். படுக்கையிலிருந்து நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். அப்புறம், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள்.

சிறுநீர் வராமல் போனாலோ, கட்டுப்பாடின்றிப் போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, கால் திடீரென வலுவிழந்தாலோ காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலோடு தையலில் நீர் கசிந்தாலும் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.