1799 மே மாதத்தைத் தொகுப்பவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1799 மே மாதத்து நிகழ்வுகளையும் பிறப்பு, இறப்புகளையும் தொகுக்க உட்காருபவர் முதலில் சறுக்கும் இடம் பெரும்பாலும் ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் பிறந்தநாள்தான். அன்றைய ரஷ்யா பின்பற்றிய ஜூலியன் நாட்காட்டியில் அது மே 26. கிரெகோரியன் கணக்கில் ஜூன் 6. ஆகவே, மற்றத் தேதிகளெல்லாம் கிரெகோரியனாக இருக்கும் பட்டியலில் அவருக்கு மே மாதத்தில் இடமில்லை. இதைத் திருத்துவதாக எண்ணி, இன்றைய வேறுபாடான 13 நாளைக் கூட்டி ஜூன் 8 என்று எழுதிவிடவும் கூடாது. 18ஆம் நூற்றாண்டில் வேறுபாடு 11 நாள்தான்.

பிரான்சில் அப்போது புரட்சி நாட்காட்டி நடப்பில் இருந்தது. நாடகாசிரியர் போமார்ஷே மறைந்த மே 18, அதன்படி ஏழாம் ஆண்டு ஃபுளோரெயால் மாதம் 29. நாவலாசிரியர் பால்சாக் பிறந்த மே 20, அடுத்த மாதமான பிரேரியாலின் 1. நமக்கு ஒரே மாதமாகத் தெரிவது அவர்களின் ஆவணங்களில் இரண்டு மாதங்களாகப் பிரிந்து கிடக்கும்.

நம் பஞ்சாங்கமும் ஏமாற்றக்கூடியதே. அந்தச் சித்தார்த்தி ஆண்டில் சித்திரை பிறந்தது, இப்போது பிறக்கும் ஏப்ரல் 14க்கு மூன்று நான்கு நாள் முன்னதாக. இன்றைய நாட்காட்டியைப் பார்த்து மே 4ஐச் சித்திரை 21 என்று எழுதினால் அதே அளவு பிசகும்.

அந்த மே 4தான் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரிட்டு மாண்ட நாள். பின்னாளில் புகழ்பெற்றவரின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிவிடும் வழக்கத்தால், கோட்டையைப் பிடித்தவர் 'வெலிங்டன் பிரபு' என்று எழுதப்படுவதுண்டு. ஆங்கிலேயப் படைக்குத் தலைமை தாங்கியவர் ஜெனரல் ஹாரிஸ். நண்பகலுக்குப் பின் மதிலுடைப்பில் பாய்ந்த படையை நடத்தியவர் டேவிட் பேர்டு. 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூர்ப் போரில் பிடிபட்டு, அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையிருந்தவர் அவர். ஆர்தர் வெல்லெஸ்லி அன்று பின்னணிப் படையின் பொறுப்பில் இருந்தார். வெலிங்டன் என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது 1809இல். நெப்போலியனையும் இந்த மாதத்தில் பேரரசர் என்று குறிப்பிடலாகாது. அப்போது அவர் தளபதி மட்டுமே.

மே 21இல் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸில் பிறந்த மேரி ஆனிங்கைப் பட்டியலில் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் புதைபடிவங்களைத் தேடியெடுத்து அவர் பெயர் பெற்றது அடுத்த நூற்றாண்டில் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தடுத்த தேதிகளைக் காரணமும் விளைவுமாகக் கோப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு என்பேன். மே 20இல் நெப்போலியன், மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையிலுள்ள ஏக்கர் என்ற கோட்டை நகரின் முற்றுகையைக் கைவிட்டதற்குத் திப்புவின் வீழ்ச்சியைக் காரணமாக்கத் தோன்றும். திப்புவுக்கு அவர் கடிதம் எழுதியிருந்தது அந்த எண்ணத்துக்குத் தூபம் போடும். ஆனால் அவரைப் பின்வாங்கச் செய்தவை பலமுறை தோற்ற தாக்குதல்களும், படையில் பரவிய பிளேக்கும், கடல்வழியே ஏக்கருக்கு வந்து சேர்ந்த உதவியும்தான். கப்பலையும் குதிரையையும் நம்பியிருந்த அந்தக் காலத்தில், ஸ்ரீரங்கப்பட்டணத்துச் செய்தி 16 நாளில் மத்தியதரைக் கடற்கரையை எட்டியிருக்க வழியே இல்லை.